வெளிக்கிடுங்கோ, அங்கிள்!

என் மாமியார் மாடிப்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் பாஸ்போர்ட், தண்ணீர் பாட்டில், கோவில்பட்டியிலிருந்து கொண்டுவந்த கடலைமிட்டாய்ப் பொட்டலம். கட்டியிருந்தது, விசேஷங்களுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரும் அரக்குச் சேலை.

மாடியில், பாதி திறந்த கதவுக்குப் பின்னால், எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் குலம் அங்கிள் நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க வந்தாத்தான் நான் எந்திரிப்பேன். மத்தியானச் சோறும் இங்கனயேதான்.”

“அம்மா, நான் வெளியிலை போறேல்லை.”

“அதான் ஏன்னு கேக்கேன்.”

சந்தின் கோடியில், கடலோரத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போயிற்று. வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் கடகடவென்று ஆடி அடங்கின. அங்கிளின் மனைவி மங்கை அன்ரி என் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, ‘விட்டுவிடாதே’ என்று என்னிடம் கண்ணாலேயே கெஞ்சினார்.

இரண்டு தமிழ்

நாங்கள் கொழும்புக்குக் குடிபோன கதையைப் போன வாரம் சொன்னேன். தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. என் கணவருக்கு அங்கே ஒரு சோப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கல்யாணமான புதிது. “சண்டை நடக்கிற ஊருக்கா பொண்ண அனுப்புறது?” என்று அப்பா தயங்கினார். “சண்டை வடக்க நடக்கு மாமா, கொழும்பு வேற” என்றார் இவர். போய்ப் பார்த்தால் கொழும்பு வேறுதான். சண்டை மட்டும் அவ்வப்போது அங்கேயும் வந்து போய்க்கொண்டிருந்தது.

வெள்ளவத்தையில் வீடு. கீழ்த்தளம் எங்களுக்கு, மாடி வீட்டுக்காரர்களுக்கு. சந்தின் ஒரு முனை காலி வீதி, மறு முனை கடல். காலி வீதியில் இறங்கினால் தோசைக்கடை, சேலைக்கடை, எங்கிருந்தோ கோவில் மணி. சொந்த ஊரை விட்டு வந்தோம் என்பதே மறந்துவிடும். முக்கில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு நிற்பவர்தான் அதை ஞாபகப்படுத்துவார்.

தமிழும் ஞாபகப்படுத்தும். மங்கை அன்ரியிடம் நான் கற்ற முதல் பாடமே, அவர் ‘ஆன்ட்டி’ அல்ல, ‘அன்ரி’ என்பதுதான். யாழ்ப்பாணத்துக்காரர். வாய் நிறையச் சிரிப்பவர். ‘ஆமாம்’ என்பதற்கு அவர் ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம், ஏதோ ஜபம் செய்கிறார் என்று ஆரம்பத்தில் வாயை மூடிக்கொண்டு மரியாதையாகக் காத்திருப்பேன்.

என் மாமியார் சீனியம்மாள் எங்களைப் பார்க்க வந்து இறங்கிய அன்று மாலையே வில்லங்கம் வந்தது. அன்ரி ஆசையாக மாடியிலிருந்து இறங்கி வந்து, “அம்மா, நாளைக்குக் காலமை பக்கத்துக் கோயிலுக்குப் போவம். ஏழு மணிக்கெல்லாம் வெளிக்கிடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தையின் முகம் மாறிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏம்மா வசந்தா, நான் எத்தன மணிக்கு வெளிக்கிப் போகணும்னு இந்தம்மா நேரம் குறிச்சுக் குடுக்குது? என் வயிறு என்ன இவுக வீட்டுக் கடிகாரமா?”

அந்த ஊரில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது என்று விளக்குவதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அத்தை எங்கே கிளம்பினாலும் அந்தச் சொல்லைத்தான் உரக்கச் சொல்வார். மார்க்கெட்டுக்குக்கூட, “வசந்தா, வெளிக்கிடுவோமா?” சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

கேட்டுக்கு உள்ளே

அத்தை சும்மா வரவில்லை. எந்தெந்தத் தலங்களைப் பார்த்துவிட்டு வரப் போகிறோம் என்று தெருவுக்கே சொல்லிவிட்டுத் திருச்சியில் விமானம் ஏறியவர். கொச்சிக்கடை அந்தோனியார், கோட்டாஞ்சேனைச் சிவன், களனியில் புத்தர். மூன்று பேரிடமும் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். எனக்கு ஒரு குழந்தை.

இவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானோ காலி வீதிக் கடைகளைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. அத்தையின் பார்வை மாடிப் பக்கம் திரும்பியது.

குலம் அங்கிள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது யாழ்ப்பாணம் என்றாலும் தென்னிலங்கைக் கடலோர ஸ்டேஷன்களில்தான் அவருடைய காலம் போயிற்று. சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கொழும்பில் தெரியாத தெரு கிடையாது. ஆனால் அந்த மனிதர் வீட்டுக் கேட்டைத் தாண்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒரு காலையில் பேப்பர் வாங்கப் போனவர் ராணுவச் சுற்றிவளைப்பில் மாட்டிக்கொண்டார். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்தார்கள். லாரியில் ஏற்றினார்கள். மறுநாள் விட்டுவிட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லையாம். ஆனால் அன்றோடு சரி. கடை, பேங்க், மின்சாரக் கட்டணம் எல்லாம் அன்ரிதான். முடி வெட்டுகிறவர்கூட வீட்டுக்கே வந்தார். அங்கிள் காலையும் மாலையும் கேட் வரை நடப்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். திரும்பிவிடுவார்.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது? ‘எனக்குப் பயம்’ என்று ஒரு பெண்ணிடம் சொல்ல அங்கிளுக்கு வாய் வரவில்லை. அத்தை தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

“மூட்டுவலி. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான், வெளிய சொல்ல மாட்டாரு.”

ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மூலிகை எண்ணெய் ஒரு பாட்டில் மாடிக்குப் போயிற்று. இரண்டு கால்களும் திடமாக இருந்த அந்த மனிதர், மரியாதைக்காக அதை எடுத்துத் தேய்த்துக்கொண்டார். வீடு முழுக்க வேப்பெண்ணெய் வாசம்.

அன்று மத்தியானம் அன்ரி என்னிடம் வந்து உட்கார்ந்தார். சிரிப்பே இல்லை.

கனடாவில் இருக்கும் ஒரே மகள் இவர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். தூதரகத்தில் இரண்டு பேரும் நேரில் போய் நிற்கவேண்டும். ஒரு தடவை கூப்பிட்டபோது, அங்கிளுக்குக் காய்ச்சல் என்று அன்ரி பொய் சொல்லிச் சமாளித்திருக்கிறார். மறுபடி கூப்பிட்டிருந்தார்கள், வருகிற வியாழக்கிழமை.

“இதையும் விட்டால் பைலை மூடிப்போடுவாங்கள், பிள்ளை. பேரன் பிறந்து நடக்கவும் துவங்கிட்டான். நான் இன்னும் தூக்கேல்லை. இந்த மனிசன் எண்டால், ‘நீர் போம், நான் இஞ்சை இருக்கிறன்’ எண்டு நிக்குது. இவரை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “உங்கடை மாமியைக் கொண்டு ஒருக்கா வெளியிலை எடுத்தமெண்டால் போதும். எங்கள் எல்லாருக்கும் மறுத்துச் சொல்லிப்போட்டார். அவவுக்கு மட்டும் எப்பிடி மறுக்கிறதெண்டு தெரியாமல் நிக்கிறார்.”

அத்தைக்கு எப்படி மறுப்பது என்பது எனக்கும் தெரியாது.

இஸ்திரி போட்ட சட்டை

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அத்தை மாடிப்படியில் குடியேறினார். வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் அவரே எழுந்தார்.

“சரி, விடுங்க அண்ணாச்சி. பாஷ தெரியாத ரெண்டு பொம்பளைங்க தனியாப் போறோம். எங்கயாச்சும் நிப்பாட்டி வச்சா நாங்களே பாத்துக்கிடுதோம். வசந்தா, வெளிக்கிடும்மா.”

கதவு திறந்தது. அங்கிள் வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டையில் நின்றார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. சப்பாத்து பளபளத்தது. எப்போதிலிருந்து அப்படி உடுத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாரோ!

“அந்த ஓட்டோவை வாசல்லை கொண்டுவரச் சொல்லுங்கோ” என்றார்.

ஆட்டோ ரஸீன் நானாவுடையது. கிராண்ட்பாஸ் பகுதிக்காரர், அன்ரிக்கு வாடிக்கை. ‘நானா’ என்றால் அங்கே முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். பின் சீட்டில் நான் ஒரு ஓரம், அங்கிள் ஒரு ஓரம், நடுவில் அத்தை. அன்ரிக்கு இடமில்லை. கேட்டில் நின்று என் காதுக்குள், “தேத்தண்ணி, தண்ணி ஒண்டும் வாயிலை வைக்கேல்லை. பாத்துக்கொள்ளுங்கோ” என்றார். பயத்தில் தொண்டையில் இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தோனியாரிடம் ஒரு மனு

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடையில் கால் வைக்க இடமிருக்காது. குங்குமப் பொட்டு வைத்தவர்கள், முக்காடு போட்டவர்கள், வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பெண்கள் எல்லோரும் ஒரே வரிசை. மெழுகு உருகும் வாசனையும் துறைமுகக் காற்றும் சேர்ந்து அடித்தன. அத்தைக்கு அது புது இடமாகவே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் புளியம்பட்டி அந்தோனியாருக்குச் செவ்வாய் தவறாமல் போகிறவர் அவர்.

“அங்க இருக்கவருதான இங்கயும் இருக்காரு. என்னைத் தெரியும்” என்றார்.

தெரிந்தவரிடம் பேசுவதுபோலத்தான் பேசவும் செய்தார். “சாமி, கல்யாணமாகி வருசம் ஆச்சு. இவளுக்கு ஒரு புள்ளையக் குடு. ஆணோ பொண்ணோ, ஒன் இஷ்டம்.” சுற்றி இருந்த ஊரே திரும்பி என் வயிற்றைப் பார்த்தது. அத்தனை தமிழ் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அங்கிள் கதவோரமாக நின்றார். தெருப் பக்கம் ஒரு கண், எங்கள் மேல் ஒரு கண். வெளியே வந்ததும் அத்தை இளநீர் வண்டியைப் பார்த்துவிட்டார். ஆரஞ்சு நிற இளநீர், ‘தம்பிலி’ என்பார்கள் அங்கே.

“எனக்கு வேண்டாம் அம்மா.”

“மொகத்தப் பாருங்க, வாடிப் போயிருக்கு. குடிங்க அண்ணாச்சி.”

“இல்லை, உண்மையா—”

“சீவியாச்சு. கீழயா ஊத்துறது?”

குடித்தார். தம்பிலி பெரிது. அத்தை பக்கத்தில் நின்று, கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை மேற்பார்வை பார்த்தார்.

கோட்டாஞ்சேனைச் சிவன் கோவில் அங்கிருந்து கிட்டத்தில்தான். உள்ளே எல்லாம் கருங்கல். குளுகுளுவென்ற இருட்டு, எண்ணெய் விளக்கு, வௌவால் வாசனை. நான் மெய்மறந்து நின்றேன். அத்தை ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிராகாரத்தைச் சுற்றி முடித்ததும் முகத்தில் ஏமாற்றம்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதத்தான ஊர்ல தெனமும் பாக்கேன்? இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்?”

அங்கிள் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “அப்ப களனிக்குப் போவம், அம்மா. அது உங்கடை ஊரிலை இல்லை” என்றார். தானாக, யாரும் கேட்காமல்.

பாலத்துக்கு முன்னால்

களனி ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள்.

எல்லோரும் இறங்கினோம். ஒரு சிப்பாய் அத்தையின் பையைத் திறந்து, பேப்பரில் சுற்றியிருந்த கடலைமிட்டாய்க் கட்டியை எடுத்தான். கையில் வைத்து எடை பார்த்தான். முகர்ந்தான். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“கடல, தம்பி. தின்னு பாரு” என்றார் அத்தை, கோவில்பட்டித் தமிழிலேயே. அவன் தின்னவில்லை. ஆனால் பத்திரமாகப் பையிலேயே வைத்துவிட்டான்.

எங்கள் இந்திய பாஸ்போர்ட்டுகளைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ரஸீன் நானாவின் அட்டையும் திரும்பி வந்தது. அங்கிளின் அடையாள அட்டை வரவில்லை. ஒருவன் அதை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளியிருந்த கொட்டகைக்குள் போனான். எங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

நின்றோம். தார் கொதித்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அங்கிளின் முகத்தில் இரத்தமே இல்லை. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நின்றார். நெற்றியைத் துடைத்தார். கொட்டகையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“ஒண்டும் இல்ல சேர். நம்பர் பாக்கிறாங்க, அவ்வளவுதான்” என்று ரஸீன் நானா தைரியம் சொன்னார்.

“ஓம், ஓம்” என்றார் அங்கிள். இந்தத் தடவை அது ஜபம் மாதிரியேதான் கேட்டது.

பிறகு என் பக்கம் லேசாகக் குனிந்து, உதடு அசையாமல், “பிள்ளை… இன்னும் கனநேரம் செல்லுமோ?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

“என்ன அண்ணாச்சி, ஒண்ணுக்கு வருதா?”

மெதுவாகக் கேட்கத் தெரியாது அவருக்கு. ஆற்றின் அந்தக் கரைக்கே கேட்டிருக்கும்.

“அம்மா, தயவுசெய்து—”

“இதுல என்ன தயவு?”

நான் கையைப் பிடிப்பதற்குள் அத்தை சிப்பாயை நோக்கி நடந்துவிட்டார். துப்பாக்கி தோளில் தொங்க நின்ற அந்தப் பையனுக்கு என் தம்பி வயசுகூட இருக்காது. அத்தை அவன் முன்னால் போய் நின்றார். வலது கைச் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டினார். அங்கிளைச் சுட்டிக்காட்டினார். மறுபடியும் சுண்டுவிரல்.

ரஸீன் நானா கண்ணை மூடிக்கொண்டார்.

சிப்பாய் விரலைப் பார்த்தான். அங்கிளைப் பார்த்தான். சட்டென்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி அவன் முகம் விரிந்தது.

“ஆ! சூ?” என்றான்.

“அதேதான்” என்றார் அத்தை.

“என்ன, மஹத்தயா” என்று அங்கிளை அழைத்தான். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாருங்கள்’, ‘மஹத்தயா’ என்றால் ‘ஐயா’ என்று எனக்கு அப்போது தெரியாது. அதட்டுகிறான் என்று நினைத்து நடுங்கினேன். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் தகரம் அடித்த மறைப்பு ஒன்று இருந்தது. அவனே பீப்பாயிலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, இந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான்.

அங்கிள் திரும்பி வந்தபோது கைக்குட்டையால் நிதானமாக ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே வந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. பிளாட்பாரத்தில் நடந்து வரும் ஸ்டேஷன் மாஸ்டர் அப்படித்தான் இருந்திருப்பார். சிப்பாயிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார். அவன் ஆச்சரியப்பட்டுப் பதில் சொன்னான். ஐந்து நிமிஷம் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கொட்டகையிலிருந்து அட்டை வந்துவிட்டது. போகலாம் என்று கையைக் காட்டினார்கள்.

“அவன்ட ஊர் ஸ்டேஷனிலயும் நீங்க வேல செஞ்சீங்களா சேர்?” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார் ரஸீன் நானா.

“இல்லை. அவன்ரை ஊருக்கு ரயிலே இல்லையாம். பஸ்தான்” என்றார் அங்கிள், உண்மையான வருத்தத்தோடு.

அரச மரம்

களனி விகாரையின் வெண்மை கண்ணைக் கூச வைத்தது. எங்கும் வெள்ளை உடை, நடுவில் அத்தையின் அரக்குச் சேலை. தேங்காய் உடைப்பது எங்கே, விபூதி தருவது எங்கே என்று தேடினார். தாமரைப் பூத் தட்டு ஒன்றை அங்கிள் வாங்கி அவர் கையில் கொடுத்தார். எங்கே செருப்பை விடுவது, எங்கே பூவை வைப்பது என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். பழைய சுவர் ஓவியங்களுக்கு முன்னால் எங்களை நிறுத்தி நிறுத்திக் காட்டினார்.

போதி மரத்தைக் கண்டதும் அத்தைக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிட்டது. “அரச மரம்னா எங்க இருந்தாலும் அரச மரம்தான்” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். எத்தனை சுற்று என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. தலை கிறுகிறுத்து நான் உட்கார்ந்ததும், ஒரு சிங்களப் பாட்டி ஓடி வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அங்கிளிடம் ஏதோ கேட்டார்.

“என்ன கேக்காங்க?” என்றார் அத்தை.

“பிள்ளைக்கு எத்தினை மாசம் எண்டு கேக்கிறா.”

அத்தையின் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது அன்ரி கேட்டிலேயே நின்றிருந்தார். அங்கிள் மாடிக்குப் போய்ப் படுத்து உடனே தூங்கிவிட்டார். பாலத்தில் நடந்ததை நான் சொன்னேன். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்டைக்கு அவரைப் பிடிச்சு வச்சிருந்தாங்களெல்லே. இவர் திருப்பித் திருப்பிக் கேட்டவராம், ஒருக்கா ஒண்டுக்குப் போக விடுங்கோ எண்டு. விடேல்லை. எவ்வளவு நேரம் பொறுக்கிறது? கூடப் பிடிபட்ட இளம் பெடியள் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க… இடுப்பிலை துவாயைச் சுத்திக்கொண்டுதான் வீட்டை வந்தவர். அடிச்சிருந்தாலும் மறந்திருப்பார், பிள்ளை. அதுக்குப் பிறகு வெளியிலை எண்டாலே தண்ணி குடிக்க மாட்டார். வெளியிலை போகவும் மாட்டார்.”

அத்தையிடம் சொன்னேன். “பாவி மனுசன்” என்றார். “நான் பாட்டுக்கு எளநிய ஊத்தி விட்டிருக்கேன் பாரு.”

வியாழக்கிழமை

வியாழக்கிழமை காலையில் அவர்கள் இருவரும் பஸ்ஸில் போனார்கள். அங்கிள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாக அன்ரி கேட்டிலிருந்து ஜாடை காட்டினார்.

மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. மூன்று மணி ஆயிற்று, நாலு மணி ஆயிற்று. அலுவலகத்துக்குப் போன் போட்டு இவரை வரச் சொன்னேன். சந்து முனைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். எந்தச் சோதனைச் சாவடியில், எந்த லாரியில் என்று மனம் எங்கெங்கோ போயிற்று. ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த அத்தையும், சேலையை மடித்த கையோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

இருட்டுகிற நேரத்தில் வந்தார்கள். முன்னால் அங்கிள், கைவீசி நடந்து. வெகு பின்னால் அன்ரி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டி.

“என்னாச்சு அன்ரி? விசா?”

“அது தருவினமாம்” என்றார் அன்ரி, ஏதோ கடையில் மிளகாய்த்தூள் தருவார்கள் என்பதுபோல. வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். “பன்ரெண்டு மணிக்கே முடிஞ்சுது. மகளின்ரை பிறந்த நாளைக் கேட்டாங்கள். இவர் அண்டைக்கு எந்த ரயில் பிந்தினது எண்டெல்லாம் சொல்லுறார். வெள்ளைக்காரி சிரிச்சுப்போட்டு விட்டிட்டாள். நான் நேரை வீட்டை போவம் எண்டன். இவர், ‘கறுவாத்தோட்டம் வரைக்கும் வந்தனாங்கள், மியூசியத்தைப் பாக்காமல் போறதோ’ எண்டு இழுத்துக்கொண்டு போயிட்டார். ஒவ்வொரு அறையாய், பிள்ளை! ஒவ்வொரு வாளாய், ஒவ்வொரு சட்டியாய்!”

அங்கிள் அதற்குள் அத்தையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். “அம்மா, நீங்கள் அதைப் பாக்காமல் போகக் கூடாது. திமிங்கிலத்தின்ரை எலும்புக்கூடு ஒண்டு நிக்குது. மூண்டு ரயில் பெட்டி நீளம்!”

“ஒரு பெட்டிதான்” என்றார் அன்ரி, காலைப் பிசைந்துகொண்டே.

“நாளைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். காலமை ஒன்பது மணிக்குத் திறப்பாங்கள்.”

“மீனு எலும்பா? நான் கோயில் கொளம் பாக்க வந்தவ அண்ணாச்சி.”

“அது மீன் இல்லை அம்மா, பால் குடுக்கிறது” என்று ஆரம்பித்து, இரண்டு கையையும் விரித்து, சந்தின் நடுவில் நின்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்தவர்கள் மணியடித்து ஒதுங்கிப் போனார்கள். அவர் நகரவில்லை.

அன்ரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளியிலை எடுக்கச் சொன்னனான்தான்” என்றார் என்னிடம். “இவ்வளவு தூரத்துக்கு எடுக்கச் சொல்லேல்லை.”

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஏன் அன்ரி என்று கேட்டேன். “கால் நோகுது” என்றார். கால் வலிக்கு அப்படி ஒரு முகத்தோடு அழுதவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.